இணைநீக்க ஒப்புதல்

நாச்சம்மையின் முன்னால் திரையில் ‘இணைநீக்க ஒப்புதல்’ படிவம் ஒளிர்ந்தது. கண்ணாடிச் சுவருக்கு அப்பால் அவள் கணவன் சாத்தப்பன் முகம் வீங்கிக் கிடந்தான். உடம்பெல்லாம் சிவந்த தடிப்பு. விடிந்ததிலிருந்து இரண்டு முறை வலிப்பு வந்துவிட்டது.

“மூணு வாரமாச் சாப்பிட்ட மூட்டுவலி மாத்திரை ஒத்துக்கல ஆச்சி,” என்றார் டாக்டர் ரசீதா. “உடம்பு அதை எதிரியா நெனச்சு சண்டை போடுது. அந்தக் கலவரத்துல, தூங்கிட்டிருந்த வைரஸ் முழிச்சு மூளைக்குப் போயிருச்சு. மூளை வீங்குது.”

“எந்த வைரஸ்?”

“குழந்தையில எல்லாருக்கும் வந்து தங்கிடறது. அதே இனத்துலதான இணைநுண்மியையும் செஞ்சாங்க?”

முப்பது ஆண்டுகளாக, மாலை மாற்றுவதற்கு முன் மணமக்களின் மூக்கில் விடப்படும் சொட்டு அது. நரம்புக்குள் உறங்கியபடியே, துணையின் குரலும் வாசமும் ஒருநாளும் சலிக்காமல் பார்த்துக்கொள்ளும். விவாகரத்து நீதிமன்றங்களை மூடியே விட்டார்கள்.

“வேரறுப்பி மருந்து போட்டாப் பொழைச்சிருவார். ஆனா அது ரெண்டு வைரஸையும் விட்டு வைக்காது. எந்திரிச்சா உங்களை அடையாளம் தெரியும். பிடிக்குமான்னு சொல்ல முடியாது.”

“பிடிக்காட்டி வீட்டுல உக்காந்து திட்டட்டும்.”

நாச்சம்மை விரலை வைத்தாள். திரை ரேகையை ஏற்றுக்கொண்டது.

நான்காம் நாள் காலையில் அவன் கண் திறந்தான். அவள் வாசலிலேயே நின்றாள்.

“ஏன் அங்கயே நிக்கிற நாச்சி? நான் என்ன கடிச்சா வச்சிருவேன்?”

“என்னப் பாத்தா... என்ன தோணுது?”

“நீ சாப்பிட்டிருக்க மாட்டேன்னு தோணுது.”

அவள் அழுதுகொண்டே உள்ளே ஓடினாள். ரசீதா அறிக்கையோடு குழம்பிப்போய் வந்தார். “இவர் உடம்புல இணைநுண்மி இருந்த தடயமே இல்ல. முழிச்சது சின்ன வயசு வைரஸ் மட்டுந்தான்.”

சாத்தப்பன் அசடு வழிந்தான். “முகூர்த்தத்துல தும்மிட்டேன். சொட்டு பூரா கைக்குட்டைக்குப் போயிருச்சு. அபசகுனம்னு உங்க அப்பச்சி கல்யாணத்தையே நிறுத்திருவாரோன்னு மூச்சுக்காட்டல.”

“பதினோரு வருசமாவா?”

“அப்புறம் தேவைப்படல.”

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அவனும் சிரித்தான். அவள் சிரிப்புதான் முதலில் நின்றது.

“டாக்டரம்மா, அந்த வேரறுப்பிய எனக்கும் போடலாமா?”

ரசீதா பதில் சொல்வதற்குள், சாத்தப்பன் ஊசி குத்தியிருந்த கையை நீட்டி அவள் முந்தானையைப் பிடித்தான்.

“வேணாம் நாச்சி.”

“ஏன்? உங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. எனக்குத் தெரிய வேணாமா?”

அவன் பிடியை விடவில்லை.