தண்ணீர்ப் பக்கத்துக் கொண்டி

திருமாறன் லோரியை நிறுத்தியபோது அணைக்கட்டு ஏரியின்மேல் பனி இறங்கத் தொடங்கியிருந்தது. எதிர்க்கரைத் தேயிலைச் சரிவு பாதி மறைந்துவிட்டது. மகேன் வீட்டின் பின்வாசலிலிருந்து தண்ணீர்வரை அவன் பொருத்திய இரும்புப் படிகள். கைப்பிடியில் மேல்குழாய் பெரியவர்கள் பிடிக்க. கீழ்க்குழாய் மகேனின் குட்டி மகள் யுவனாவுக்கு.

அவளைச் சுவரோரம் நிறுத்தி, கை எட்டும் உயரத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டவன் அவன்தான்.

"மாமா, நான் வளந்துட்டா?"

"மேல் கம்பியப் புடிச்சிக்கலாம் லா, தாயி."

அவன் பட்டறையில் குழாயை வளைத்துக்கொண்டிருந்தபோது, பிள்ளை பழைய பலகைப் படியில் வழுக்கி ஏரிக்குள் போய்விட்டாள். இரும்புப் படிகளை அதன்பிறகுதான் பொருத்தினான்.

இன்று அவன் கொண்டுவந்தது படியின் மேல்முனைக்கு, தகடு அடித்த உயரமான கேட்.

"மாட்டிட்டு அப்படியே வெல்டிங் வச்சு அடைச்சிடுங்கண்ணே," என்றான் மகேன். "படியப் பிடுங்கலாம்னா ஜெயா விடமாட்டேங்கிறா. பொழுதன்னைக்கும் தண்ணியவே பாத்துக்கிட்டு... பயமா இருக்கு லா." முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனான்.

கேட்டை மாட்டி அடைக்கப் பார்த்தான், மூட்டு ஈரமாக இருந்தது. துடைத்தான். மறுபடி ஈரம். வெல்டிங் பொரிந்து துளைதுளையாக விட்டுப்போனது. கீழ்க்குழாயிலும் ஓரிடத்தில் மட்டும் நீர் பூத்திருந்தது.

ஒரு சின்னக் கை அகலத்துக்கு.

"அடைச்சிடாதீங்கண்ணே." பின்னால் மகேனின் மனைவி ஜெயா. கையில் மஞ்சள் துண்டு. குரல் மூச்சாக வந்தது. "பனி இறங்குனா ஏறி வருவா. தலை துவட்டி விடுவேன். போயிடுவா. அவ்வளவுதான்."

திருமாறன் வெல்டிங் கம்பியைக் கீழே வைத்தான்.

கேட்டுக்குக் கொண்டியை வீட்டுப் பக்கம் வைப்பதுதான் வழக்கம். அவன் தண்ணீர்ப் பக்கம் திருகாணி போட்டு வைத்தான், சாக்குக்கட்டிக் கோட்டின் உயரத்தில். சாத்தினால் தானே விழுந்து மாட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் ஏரிப் பக்கமிருந்துதான் தூக்கவேண்டும். உள்ளே இருப்பவள் இறங்க முடியாது, வருகிறவள் வரலாம். இருவர் மனதும் நோகாமல் செய்துவிட்டதாகவே நினைத்தான்.

சாமான்களை லோரியில் ஏற்றிக்கொண்டிருந்தான்.

டிக்.

கொண்டி தூக்கும் ஓசை. அவன் திரும்பவில்லை. பனிக்குள் ஜெயாவின் குரல் மட்டும் கேட்டது.

"வந்துட்டியா கண்ணு? ஏன் இப்படி நடுங்குற? இரு, அம்மா கூடவே வர்றேன்."

டிக்.

அதன்பின் ஓசையே இல்லை.

"ஜெயா?" வீட்டுக்குள்ளிருந்து மகேன் ஓடிவந்தான். கேட்டை உலுக்கினான். அசையவில்லை. இந்தப் பக்கமிருந்து திறக்க வழியே வைக்கவில்லை, திருமாறன். இருவரும் தகட்டில் தொற்றி ஏறிக் குதித்தார்கள்.

கடைசிப் படியில் மஞ்சள் துண்டு நனைந்து கிடந்தது. ஏரியில் ஒரு சுழிப்புகூட இல்லை. மகேன் தண்ணீருக்குள் இறங்கினான், கத்தினான், மூழ்கித் தேடினான். கைக்கு எதுவும் அகப்படவில்லை.

நடுங்கிக்கொண்டே ஏறிவந்தவன் கீழ்க்குழாயில் அந்தச் சின்ன ஈரக் கைத்தடத்தைப் பார்த்தான். அதற்கு நேர்மேலே, மேல்குழாயில், பெரிதாக இன்னொன்று.

சட்டையைக் கழற்றி இரண்டையும் துடைத்தான்.

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஒரு படி கீழே, இரண்டும் மறுபடி பூத்தன.