செல்லப்பாண்டி வாய் திறந்த வெள்ளிக்கிழமை

என் தம்பி செல்லப்பாண்டி வீட்டில் வாய் மூடமாட்டான். பள்ளிக்கூடத்தில் வாய் திறக்கமாட்டான்.

அவனுக்கு அப்போது ஐந்து வயது. நான் நான்காம் வகுப்பு. எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் சாயங்காலமானால் அம்மாவும் நாங்களும் தீப்பெட்டி ஒட்டுவோம். மெல்லிய மரச்சில்லை மடித்து, நீலத்தாளில் பசை தடவிச் சுற்றினால் ஒரு பெட்டி. தம்பி ஒட்டிய பெட்டி கொஞ்சம் கோணலாக இருக்கும். ஒட்டிக்கொண்டே அவன் சொல்லும் கதை அதைவிடக் கோணலாக இருக்கும்.

எங்கள் பள்ளிக்கூடம் ஒரே கூடம். எல்லா வகுப்பும் அதில்தான். ஞானதீபம் டீச்சர் அன்பானவர். ஆனால் அவர் முன்னால் எழுந்து பேசுகிறவர்கள் கை கட்டித்தான் பேசவேண்டும். அதுதான் மரியாதை.

“கையைக் கட்டு. உன் பேரு என்ன?”

தம்பி கையைக் கட்டினான். டீச்சரைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். அவ்வளவுதான்.

தினமும் இதே கதை. கடைசியில் டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டார்.

“பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரல போல, கருப்பம்மா. வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். இல்லேன்னா அடுத்த வருசம் சேர்த்துக்கிடலாம்.”

“பேச்சு வரலையா? இவன் பேச்சைக் கேட்டு எனக்குக் காது வலிக்கு டீச்சர்.”

டீச்சர் நம்பவில்லை.

திரும்பி வரும்போது அம்மா சொன்னாள். “வெள்ளிக்கிழமையும் பேசலைன்னா அடுத்த வருசம் வரைக்கும் இவனை யாரு பார்க்கிறது? என்கூடத் தீப்பெட்டி ஆபீசுக்கு வரட்டும். ஓரமா உட்கார்ந்து குச்சி அடுக்கட்டும்.”

எதிர்வீட்டுச் சோலைமலையும் ஒரு வருசத்துக்கு என்றுதான் தீப்பெட்டி ஆபீசு என்கிற அந்தத் தொழிற்சாலைக்குப் போனான். பிறகு பள்ளிக்கூடம் பக்கமே வரவில்லை.

அன்று சாயங்காலம் தம்பி புதுக்கதை ஒன்றை ஆரம்பித்தான். டீச்சரின் குடை கிழிந்தது எப்படி என்று பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாது. அவனுக்குத் தெரிந்திருந்தது.

“நம்ம ராணி இருக்கால்ல, நைசா உள்ள போச்சா, குடையைப் பிடிச்சு இழுத்துச்சா...”

ராணி எங்கள் ஆடு.

“ஏலே, இதை மட்டும் டீச்சர்கிட்டச் சொல்லிராதே” என்று பதறி, பசையோடு இருந்த அவன் கைகளைப் பிடித்தேன்.

கதை நின்றது. வாய் திறந்தபடியே இருந்தது.

கையை விட்டேன்.

“இழுத்துச்சா, அப்படியே தின்னுருச்சு.”

மறுபடி பிடித்தேன். நின்றது. விட்டேன். ஓடியது.

“பிள்ளையை என்னட்டி பண்ணுத?” என்றாள் அம்மா.

“அம்மா, இவனுக்குப் பேச்சு கையில இருக்கு.”

கை கட்டாமல் டீச்சர் முன்னால் நிற்க முடியாது. அதனால் மறுநாள் ஒரு யோசனை சொன்னேன். “கையைக் கட்டிக்கோ. கால் விரலை ஆட்டிக்கிட்டுப் பேசு.”

வியாழக்கிழமை அப்படியே செய்தான். பத்து விரலும் நன்றாகத்தான் ஆடின. ஒரு வார்த்தையும் வரவில்லை.

“கால் பேச மாட்டேங்குதுக்கா” என்றான் வெளியே வந்து.

வெள்ளிக்கிழமை நான் ஒரு தேங்காய்ச் சிரட்டையில் பசை எடுத்துக்கொண்டு போனேன். டீச்சரின் சாக்பீஸ் பெட்டி வெகு நாளாக மூலை பிரிந்து கிடந்தது.

“டீச்சர், இதைத் தம்பி ஒட்டித் தருவான்.”

டீச்சர் சிரித்தபடி பெட்டியைக் கொடுத்தார். தம்பி தரையில் உட்கார்ந்தான். விரல் பசையைத் தொட்டது.

“பசை அம்புட்டு வைக்கக்கூடாது டீச்சர். ஒழுகும். எங்கம்மா ஏசும். இங்கன மடக்கணும், இங்கன அமுக்கணும்.”

டீச்சர் அப்படியே அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“உன் பேரு என்னப்பா?”

“செல்லப்பாண்டி. எங்கப்பா வேலுச்சாமி. எங்க ஆடு ராணி. அதுதான் உங்க குடையைத் தின்னுருச்சு.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூடமே சிரித்தது. டீச்சருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சரி, எழுந்து கையைக் கட்டிக்கிட்டு இதைச் சொல்லு பார்ப்போம்.”

தம்பி எழுந்தான். கட்டினான். கூரையைப் பார்த்தான்.

“கையை அவுத்துவிட்டாச் சொல்லுவான் டீச்சர்” என்றேன்.

டீச்சர் குனிந்து, கட்டியிருந்த அந்தச் சின்னக் கைகளைத் தாமே பிரித்துவிட்டார். தம்பி இரண்டு கைகளையும் வீசி, குடைக் கதையை முதலிலிருந்து சொன்னான். டீச்சர் பதிவேட்டில் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

“எனக்கும் கை கட்டினா வாய்ப்பாடு வரமாட்டேங்கு டீச்சர்” என்று எழுந்தான் என் வகுப்பு மாரிசாமி.

“உனக்கு அவுத்துவிட்டாலும் வராது. உட்காரு.”

தம்பி இப்போது இல்லை. அவனுடைய பேத்திக்கு நான்தான் இந்தக் கதையைச் சொல்கிறேன். சொல்லும்போது என் கைகள் காற்றில் ஒரு பெட்டியை மடிக்கின்றனவாம். ராணி குடையை இழுக்கும் இடம் வந்ததும் அவள் என் கைகளை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

நான் வாயைத் திறந்தபடி காத்திருப்பேன். அவள் விட்டதும், அதே இடத்திலிருந்து ஆரம்பிப்பேன்.