பறக்காத பன்னிரண்டு நூல்கள்

"நாளைக்கு விசாரணைக் கமிட்டி கூடுது சார். இனிமே எந்த விமானத்தையும் நான் தொட முடியாது," என்றான் சோதனை விமானி டென்சில் ரூக். எதிரே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

1948, இங்கிலாந்து, மார்ச் மாதக் குளிர். விமானத் தளத்தின் காவல் அதிகாரி ஹாரக்ஸ் நிதானமாக விவரம் கேட்டார். செவ்வாய்க்கிழமை ரூக் வாலில்லாத சோதனை ஜெட்டை ஓட்டினான். நானூறு மைல் வேகத்தைத் தாண்டக் கூடாதென்பது உத்தரவு. வியாழன் காலை அடுத்த பயணத்துக்காக அவன் உள்ளே உட்கார்ந்த பிறகுதான், இடது இறக்கைத் தகட்டில் ஒரு பள்ளம் இருப்பதைப் பரிசோதகர் கண்டார். வேகம் மீறியதால் வந்தது என்று முடிவு கட்டிவிட்டார்கள். கருவிகளைப் படமெடுக்கும் காமிராவோ அந்தச் செவ்வாயன்று பார்த்துச் சிக்கி நின்றுவிட்டது.

"வேகத்தை மீறித்தான் ஓட்டியிருப்பாரு சார். இவங்களுக்கு வேகம்னா கிறுக்கு," என்று ஹாரக்ஸின் உதவியாளர் மேவிஸ் முணுமுணுத்தாள். அவளுக்கு எப்போதும் தீர்ப்பு முதலில், விசாரணை பிறகு.

விமானக் கொட்டகையில் தலைமை மெக்கானிக் ஃபென் ஸ்வெட்டரை இடுப்புக்குக் கீழே இழுத்துவிட்டபடி வரவேற்றார். காற்று எப்படி ஓடுகிறது என்று பார்க்க, இறக்கை முழுக்க வெள்ளைக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டியிருந்தார்கள். விமானியின் இருக்கையை ஒட்டி, 'கால் வைக்காதே' என்ற சிவப்பு எழுத்துக்கு அருகில் பள்ளம்.

ஹாரக்ஸ் கால்மணி நேரம் குனிந்தே இருந்தார். "மேவிஸ், நீ பின்னல் போடுறவளாச்சே. இதைப் பாரு."

"மத்ததெல்லாம் நுனி பஞ்சாப் பிரிஞ்சிருக்கு சார். பள்ளத்து மேல இருக்கிற பன்னிரண்டு மட்டும் வெட்டின மாதிரியே இருக்கு. சுருள் சுருளா வேற இருக்கு."

"ஒரு தடவை பறந்தாலே நுனி பிரிஞ்சுடும். அப்போ இது பறக்கவே இல்ல. விமானம் இறங்கினதுக்கு அப்புறம் யாரோ கால் வெச்சிருக்காங்க. தகடு அமுங்கிச்சு, நூலும் பிஞ்சு போச்சு. மறைக்கப் புதுசா ஒட்டியிருக்காங்க. சுருள் ஏன்?"

"பின்னினதைப் பிரிச்சா அப்படித்தான் இருக்கும். ஸ்டோர்ல நூல் தீர்ந்து ஒரு மாசமாச்சு. வெளியில வாங்கலாம்னா ரேஷன் கூப்பன் வேணும், சொந்தத் துணியைப் பிரிச்சாத்தான்..." மேவிஸ் பாதியில் நிறுத்தினாள். அவள் பார்வை ஃபென்னின் வெள்ளை ஸ்வெட்டரில் நின்றது. அது ஒரு சாண் குறைந்திருந்தது. அடி விளிம்பைக் கறுப்பு நூலால் தைத்திருந்தது.

ஃபென் ஏணிப்படியில் உட்கார்ந்துவிட்டார். "ஏணியை எடுக்கச் சோம்பல். ஒரே ஒரு கால்தான் வெச்சேன். சொல்லணும்னுதான் இருந்தேன் டென்சில். அதுக்குள்ள உன் மேல பழி விழுந்துடுச்சு. பேசாம இருந்துட்டேன்."

"பழியை விடு," என்றான் ரூக். அவன் குரல் உயரவில்லை. "தகடு அமுங்கியிருக்குன்னு தெரிஞ்சும், வியாழக்கிழமை காலைல எனக்கு பெல்ட் மாட்டிவிட்டது யாரு?"

ஃபென் எட்டாத ஸ்வெட்டரை மறுபடியும் கீழே இழுத்துக்கொண்டிருந்தார்.