ஜெகதீஷின் உள்ளுணர்வு

மகள் எதிரில் உட்கார்ந்து தோசையைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய போன் ஃபிரிட்ஜின் மேல் சார்ஜில் கிடந்தது. அப்படியிருக்க, அவள் தன் தோழிக்கு அனுப்பிய செய்தி ஒன்று ஜெகதீஷின் லேப்டாப்பில் வந்து விழுந்தது.

‘தோசை சாப்பிடறேன். சட்னி புளிச்சுப் போச்சு. அப்பா எதிர்ல உக்காந்திருக்கார்.’

ஜெகதீஷ் திரையைப் பார்த்தார். மகளின் வலது கையைப் பார்த்தார். அதில் சட்னி இருந்தது. இடது கை கன்னத்தைத் தாங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பருத்திப்பட்டு ஏரியின் மேல் ஐப்பசி மழை பெய்யவும் பெய்யாமல் போகவும் போகாமல் இறங்கி நின்றது. பாசியும் சேறும் கலந்த வாடை கொசுவலையைத் தாண்டி உள்ளே வந்து, விருந்தாளி மாதிரி சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்திலேயே தங்கிவிட்டிருந்தது.

‘நெட் ஸ்லோ’ என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஐ.டி. கம்பெனியில் காலம் தள்ளியவருக்கு எதற்கும் அதுதான் முதல் விளக்கம். காலையில் அனுப்பியது இப்போது வந்து சேர்ந்திருக்கும். ஆனால் காலையில் அவள் சாப்பிட்டது இட்லி. சட்னியும் காலையில் நன்றாகத்தான் இருந்தது. கிண்ணத்தில் ஒரு விரலை வைத்து நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

புளித்திருந்தது.

அந்த அடுக்ககத்தில் ஜெகதீஷ் ஒரு பிரமுகர். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் ‘இணைய யுகத்தில் பிள்ளை வளர்ப்பு’ என்று ஸ்லைடு போட்டுப் பேசியவர். “எங்க வீட்ல ரகசியம்ங்கற வார்த்தையே கிடையாது” என்று அவர் முடித்தபோது, சமோசா வருவதற்கு முன்பே கைதட்டல் வந்தது. அந்த வார்த்தை கிடையாதுதான். மகள் நிவேதிதா குளிக்கப் போயிருந்த ஒரு காலையில் அவள் போனை எடுத்து, அவளுடைய செய்திக் கணக்கைத் தம் லேப்டாப்போடு இணைத்துக்கொண்டதை மட்டும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அது ரகசியமல்ல, கடமை. அன்றிலிருந்து காபியோடு பேப்பர் படிப்பதை நிறுத்திவிட்டு மகளைப் படித்துவந்தார்.

படித்ததை நேராகச் சொல்ல மாட்டார், அது அநாகரிகம். “பயாலஜியில கொஞ்சம் சறுக்கிட்ட மாதிரி தோணுதே” என்பார், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு. மகள் திடுக்கிட்டுப் பார்ப்பாள். “உள்ளுணர்வும்மா” என்பார். மனைவி கிருஷ்ணப்பிரியாவுக்குப் புல்லரிக்கும். தூரத்து உறவுக்காரர்கள் போன் செய்து, பையனுக்குப் பார்த்திருக்கும் வரன் அமையுமா என்று கேட்கிற அளவுக்கு அந்த உள்ளுணர்வின் புகழ் பரவியிருந்தது.

லேப்டாப் மறுபடி மெல்ல மணியடித்தது. இப்போது எழுதியது ஸ்வாதி, மகளின் டியூஷன் தோழி.

‘அவர் சாப்பிட்டாரா?’

‘இல்ல. சட்னியை மட்டும் விரலால தொட்டுப் பாத்தார்.’

நிவேதிதா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். தொண்டை ஏறி இறங்கியது. டம்ளரைத் தவிர அவள் கையில் எதுவும் இல்லை.

ஜெகதீஷ் எழுந்தார். தண்ணீர் பாட்டில் எடுக்கப் போகிறவர்போல் போய் ஃபிரிட்ஜின் மேலிருந்த போனை எடுத்தார். அதைத் திறக்கும் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரகசியமில்லாத வீடு அல்லவா? ஸ்வாதியோடு அவள் பேசியதைத் தேடினார். கடைசிச் செய்தி பொங்கல் விடுமுறையில் அனுப்பியது. அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அந்தக் கணக்கோடு வேறு யாருடைய கருவி இணைந்திருக்கிறது என்று பார்த்தார். ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அவருடைய லேப்டாப். ‘இப்போது இயங்குகிறது’ என்று பச்சை எழுத்தில் போட்டிருந்தது.

உள்ளே வர ஒரே வழி. அவர் திறந்து வைத்த வழி.

மேசையில் மணி.

‘அப்பா என் போனை எடுத்துட்டார். இப்பக் கேப்பார்.’

“நிவி” என்றார் அவர். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம் என்று சொன்ன பிறகுதான் தோன்றியது. “இப்ப ஸ்வாதிகிட்டப் பேசினியா?”

“என் போன் உங்க கையில இருக்குப்பா.”

“இல்ல, அதுக்கு முன்னாடி...”

“இது உள்ளுணர்வா, லேப்டாப்பா?”

ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. அது இத்தனை நேரம் உறுமிக்கொண்டிருந்தது அப்போதுதான் தெரிந்தது.

“நீங்க கனெக்ட் பண்ண அன்னிக்கே தெரியும்” என்றாள் மகள், சிரித்துக்கொண்டே. “போன்லயே காட்டுமேப்பா, இதுகூடத் தெரியாம எப்படி உங்களை மேனேஜர் ஆக்குனாங்க? எங்க க்ளாஸ்ல எல்லார்கிட்டயும் அப்படி ஒரு அக்கவுன்ட் இருக்கு, பேரன்ட்ஸ் பாக்கறதுக்குன்னே விட்டு வெச்சிருக்கறது. நாங்க பேசறது வேற இடத்துல. பொங்கலுக்கப்புறம் நான் அதுல ஒரு வரி எழுதல. காலி அக்கவுன்ட்டைப் பாத்துக்கிட்டு எப்படித்தான் எல்லாத்தையும் கரெக்டா சொல்றீங்கன்னு மட்டும் புரியவே இல்ல.”

பொங்கலுக்குப் பிறகு ஜெகதீஷ் படிக்காத நாளே கிடையாது. பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறார்.

“அப்ப அந்த பயாலஜி மார்க்கு? ஆடி மாசம் ஒரு நாள் போர்வையை இழுத்து மூடிக்கிட்டு, நான் யாருக்குமே வேண்டாம்னு அழுதியே... அதெல்லாம் நீ ஸ்வாதிக்கு எழுதினதுதானேம்மா?”

சிரிப்பு நின்றது.

“அதை நான் யாருக்கும் எழுதல” என்றாள் மெதுவாக. “வாய்விட்டுக்கூடச் சொல்லல. அது மனசுக்குள்ள...” தன் அறைக் கதவைப் பார்த்தாள். உள்ளே உத்தரத்தைப் பார்த்தாள். “என் ரூம்ல என்ன வெச்சிருக்கீங்க?”

“சத்தியமா ஒண்ணும் வைக்கலம்மா. வேற யாரோ...”

“வேற யாரு? இந்த வீட்ல ஒளிஞ்சிருந்து பாக்கறவர் வேற யாருப்பா?”

ஒரு மன்னிப்பு கேட்டிருந்தால் ஒருவேளை நின்றிருப்பாள். அதற்கு அவருக்குப் பழக்கமில்லை.

“அம்மா வர்ற வரைக்கும் பஸ் ஸ்டாப்ல நிக்கறேன். இங்க இருக்க மாட்டேன்.”

கதவு அறைந்து மூடியது. அவள் போன் அவர் கையிலேயே இருந்தது.

மணி. மணி. மணி.

‘அவ கிளம்பிட்டா.’

மகளின் கணக்கு இப்போது ‘நான்’ என்று எழுதவில்லை. இனி எதற்கு நடிப்பு என்று விட்டுவிட்டது போலிருந்தது.

‘அவர் என்ன சட்டை?’

‘ஊதாக் கட்டம்.’

‘மீசை?’

‘இருக்கு. இடது பக்கம் நரை.’

‘குரல்?’

‘அதைத்தான் தினம் கேட்டுக்கிட்டு இருக்கோமே.’

‘சரி. போதும்.’

போனை மேசையில் போட்டுவிட்டு லேப்டாப்பை அறைந்து மூடினார். அதே நொடியில் கரண்ட் போனது. ஏரிக்கரை முழுவதும் ஒரே இருட்டு. லிஃப்ட் இல்லை. சுவரைத் தடவித் தடவிப் படியிறங்கினார். ஈரச் சுவர். கீழே போகப்போகப் பாசி வாடை.

கேட்டில் வாட்ச்மேன் முனியன் டார்ச்சை அவர் முகத்தில் அடித்தான். அடித்தவன் அதை எடுக்கவில்லை.

“இன்னா சார், உள்ளருந்து வர்றீங்கோ?”

“பாப்பா எங்கப்பா போச்சு?”

“இன்னா சார் கேக்குறீங்கோ? இப்பத்தானே நீங்களே பாப்பாவ இட்டுகினு ஏரி பக்கம் போனீங்கோ. இங்கதான் நின்னுகினு, தப்பு என் மேலதாம்மா, மன்னிச்சிக்கோன்னு கேட்டீங்கோ. பாப்பா உங்க தோள்ல சாஞ்சிகினு ஒரே அயுகை. எனக்கே ஒரு மாதிரி ஆயிட்ச்சு சார்.”

“அது நான் இல்லப்பா.”

முனியன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. டார்ச் வெளிச்சம் ஒருமுறை ஊதாக் கட்டம் சட்டையில் இறங்கி, மறுபடி முகத்துக்கு ஏறி, ஆடியது.

“அப்ப... நீ யாரு?” என்றான், ரெண்டடி பின்னால் வைத்து.

ஜெகதீஷ் ஓடினார். தூறல். சேறு. ஒரு செருப்பு போய்விட்டது. ஏரிக்கரை நடைபாதையின் வாசல் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் கம்பி வேலி. அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்.

மேகத்துக்குள் ஒரு மின்னல் நின்று நிதானமாக அடங்க, அடுத்தது மின்னியது.

உள்ளே இருவர் நடந்துகொண்டிருந்தார்கள். கைகோத்து. நிவேதிதா தம் கையைப் பிடித்து நடந்து எத்தனை காலமாயிற்று என்று ஜெகதீஷுக்கு நினைவில்லை. அவள் பேசிக்கொண்டிருந்தாள். இன்னொரு கையை ஆட்டி ஆட்டி, விம்மலுக்கு நடுவே சிரித்து, இத்தனை நாள் சொல்லாததையெல்லாம் சேர்த்துச் சொல்கிறவள்போல். பக்கத்தில் நடந்தவர் குறுக்கே பேசவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“நிவி!”

அவள் நின்றாள். திரும்பினாள். வேலியைப் பற்றிக்கொண்டு மூச்சிரைத்த உருவத்தைப் பார்த்தாள்.

மற்றவரின் முழங்கையை இறுகப் பற்றிக்கொண்டாள்.

“அப்பா, யாருப்பா அது?”

அந்த மனிதர் திரும்பினார். ஜெகதீஷ் தினமும் கண்ணாடியில் ஷேவ் செய்யும் முகம். கோபமில்லாத முகம்.

“தெரியலம்மா” என்றார், ஜெகதீஷின் குரலில், ஜெகதீஷிடம் இல்லாத பொறுமையோடு. “ரொம்ப நாளா நம்மளையே பாத்துக்கிட்டிருக்கான். நீ சொல்லு.”

அவர்கள் நடந்தார்கள். பாதை இடப்பக்கம் வளைந்தது. அவர்கள் வளையவில்லை.

ஜெகதீஷ் கத்தினார். கம்பிகளுக்கு நடுவே கை மட்டும் நுழைந்தது. தோள் நுழையவில்லை.

ஏரித் தண்ணீர் அவர்கள் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு. அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. இடுப்புக்கு வந்தபோதும் அவள் பேச்சை நிறுத்தவில்லை. பக்கத்தில் நடந்தவர் கேட்டுக்கொண்டே, அவளை மெல்ல நடத்திக்கொண்டு போனார்.