இருக்கிற கை

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களும் இன்றைக்கே உதிரட்டும். இது என் அக்காவுக்கு நடந்தது. அவள் பொய் சொல்ல மாட்டாள். அதற்கும் கொஞ்சம் சுறுசுறுப்பு வேண்டுமே.

இலையுதிர் காலம் வந்துவிட்டால் எங்கள் பண்ணையில் பிள்ளைகளுக்கு விளையாட்டு கிடையாது. குளிர் இறங்குவதற்குள் காய்ந்த சோளத்தட்டை முழுவதையும் மாட்டுத் தீவனமாக நறுக்கியாக வேண்டும். அதற்கொரு இயந்திரம்: இரும்புச் சக்கரம், அதில் இரண்டு வளைந்த கத்திகள், ஒரு கைப்பிடி. அக்கா சுற்றுவாள். எதிர்ப்பக்கத்தில் அவள் தம்பி, எனக்கு அண்ணன், தட்டையைத் தள்ளிக் கொடுப்பான். நெட்டைக்காலன், ஆகவே அவனைக் கூப்பிடுவது கொக்கு. நடுவே கூரைவரை தட்டைக் குவியல். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

"தம்பி விரல் உன் பொறுப்பு. அவன் 'நிறுத்து'ன்னா அந்த நொடியே நிறுத்தணும்" என்று அம்மா அவளிடம் சொல்லியிருந்தாள்.

அன்று பிற்பகல் முதலில் பிசகியது சத்தம்தான். அதுவரை தட்டை சரக் சரக்கென்று அறுபட்டு, இனிப்பும் புழுதியுமாக மணத்து, கூரை ஓட்டை வழியே இறங்கிய வெயிலில் தூசு மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்க, சக்கரம் திடீரென்று கனத்தது. ஈரமான எதையோ கடித்ததுபோல் 'நொறுக்'கென்றது.

"டேய் கொக்கு, பச்சைத் தட்டையா வைக்கிற?"

"ஆமாக்கா. சாறு நிறைய. சுத்து."

சுற்றினாள். மறுபடியும் நொறுக். துருப்பிடித்த ஆணியை நாக்கில் வைத்தாற்போல் ஒரு வாடை குவியலைத் தாண்டி வந்து அவள் தொண்டையில் உட்கார்ந்துகொண்டது.

"கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுடா."

"கை வேலையா இருக்குக்கா."

"எந்தக் கை?"

"இருக்கிற கை."

அவள் கைப்பிடியை விட்டாள். அது அவளில்லாமலே சுற்றியது. உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கினாள். அது அவளைத் தூக்கித் தரையில் அடித்தது. மறுபடி பிடித்தாள். தாடையில் ஓங்கி அறைந்தது. வாயெல்லாம் ரத்தம்.

"நிறுத்துன்னு சொல்லுடா. ஒரே ஒரு தடவை சொல்லுடா, கண்ணு."

"எதுக்குக்கா? இப்பத்தான் முழங்கை வந்திருக்கு."

நொறுக். தோள். நொறுக். குவியல் அடியிலிருந்து சிவந்துகொண்டே மேலேறியது. நொறுக். சட்டைப் பொத்தான்கள் சுவரில் தெறித்தன. ஒன்று. இரண்டு. பிறகு தெறித்தவை பொத்தான்கள் அல்ல.

சக்கரம் நின்றது.

குவியலைச் சுற்றிப் போனாள். யாரும் இல்லை. ஒரு ஜோடி செருப்பு. கூடை நிறைய, எல்லாம் ஒரே அளவில், ஆவி பறக்க.

"எடுத்துட்டுப் போக்கா" என்றது கூடை. "மாடு பசியா நிக்குது."

அவள் மாட்டேனென்றுதான் நினைத்தாள். கைகள் எடுத்தன. கால்கள் நடந்தன. வழி நெடுக அது அவள் இடுப்பில் சூடாகப் பேசிக்கொண்டே வந்தது.

கொட்டகைக்குள் வெயில் நுழையவில்லை. தொட்டியில் கொட்டினாள். இருட்டில் வரிசையாக மெல்லும் சத்தம். நிதானமாக. எலும்பையும் விடாமல். தீர்ந்தது.

ஈரமான மூக்கொன்று அவள் விரல்களை ஒவ்வொன்றாக முகர்ந்தது.

"இன்னும் இருக்கே, அக்கா" என்றது, கொக்கின் குரலில்.

ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பண்ணையில் மாடு வளர்த்ததே இல்லை.