ஏழு தடவை அமுக்கிய கை!

"நிறுத்து மாசாணி... நிறுத்து!"

கண்ணையாவின் கடைசி அலறல்!

கணபதி வட்டாரத்தில், இரும்பு வார்க்கும் தனபாலின் பவுண்டரி. வருடம் 1994. மணல் கலக்கும் மிஷினில் கண்ணையாவின் கழுத்துத் துண்டு சிக்கியது. துண்டோடு அவனும் போனான்.

பட்டன் அருகே நின்றவள் உடன் வேலை செய்யும் மாசாணியம்மாள்.

சடலம் போனதும் இன்ஸ்பெக்டர் லட்சுமணசாமி விலங்கை எடுத்தார்.

"இது கொலைங்க!" முதலாளி தனபால் குதித்தார். மிஷினை வடிவமைத்தவரும் அவரே. "மேல் பட்டன் ஸ்டாப்பு. கீழ் பட்டன் ஸ்டார்ட்டு. இவ கீழ் பட்டனையே அமுக்கிட்டு நின்னிருக்கா!"

"எத்தனை தடவைம்மா?"

"அஞ்சுங்க." அவள் குரல் நடுங்கவில்லை.

"நேத்து அவன்கூடச் சண்டையாமே?"

"ஆமாங்க. துண்டோட மிஷின்கிட்ட வராதேன்னு கத்துனேன்."

"அப்புறம் ஏன் கீழ் பட்டன்?"

"ஏனுங்க, உங்கூர்த் தோட்டத்து மோட்டார் ரூம்ல நிறுத்தற பட்டன் எங்கீங்க இருக்குது?"

இன்ஸ்பெக்டர் விரல் காற்றில் தடவியது.

"கீழே..."

"அன்னூர்ல இருந்து உடுமலை வரைக்கும் கீழதானுங்க! பதறுன கை அங்கதான் போகும். மாத்தோணும்னு மூணு தடவை சொல்லிப்போட்டேன். 'பார்த்து அமுக்கு'ன்னாரு முதலாளி!"

"எழுதி ஒட்டியிருக்கேனுங்க! தப்புப் பண்றவ எதுலயும் பண்ணுவா!"

"அப்ப நீங்களே ஓட்டிக் காட்டுங்க!" என்றாள் மாசாணியம்மாள்.

பக்கத்திலேயே அதே மாதிரி இன்னொரு மிஷின். தனபால் கீழ் பட்டனை அமுக்கினார். ஓடியது.

"பாத்தீங்களா? சின்னக் குழந்தைகூட..."

அவர் கக்கத்திலிருந்த காகிதச் சுருளை மாசாணியம்மாள் பிடுங்கினாள். மிஷினுக்குள் வீசினாள்!

"ஐயோ! என் புது மிஷின் டிராயிங்! ரெண்டு வருஷ உழைப்பு!"

தாவினார். அமுக்கினார்.

கீழ் பட்டன்!

மறுபடி... மறுபடி... கீழ் பட்டனே!

மிஷின் நிற்கவில்லை. இன்ஸ்பெக்டர் ஓடிப்போய் மெயின் சுவிட்சை இழுத்தார். டிராயிங் மணலோடு மணலாகியிருந்தது.

"எத்தனை தடவைங்க?" மாசாணியம்மாள் கேட்டாள்.

"எண்ணிட்டேன். ஏழு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

தனபாலின் முகம் வெளுத்தது.

"ப... பதட்டத்துலங்க... பழகுன கை..."

"காயிதத்துக்கே ஏழுங்களா முதலாளி? நான் ஒரு உசுருக்குப் பதறுனேன்!"

விலங்கு ஆள் மாறியது.

"ஏறுங்க தனபால்," இன்ஸ்பெக்டர் ஜீப்பைக் காட்டினார். "பயப்படாதீங்க... எங்க லாக்கப்புல பட்டனே இல்லைங்க!"