உரிமைச் சங்கத்தின் குரல்

வியாழக்கிழமை காலைகளில் தூத்துக்குடி ஊரவை நிரம்பிவிடும். யார் வேண்டுமானாலும் மேடையில் இருக்கும் கண்ணாடிக் கூண்டுக்குள் போய் நின்று பேசலாம். அன்று முதலில் ஏறிய மீனவர், படகுத்துறையில் விளக்கு எரிவதில்லை என்று குறைசொன்னார். அவருடைய கரகரத்த குரல் அப்படியே ஒலிபெருக்கியில் கேட்டது. அடுத்து ஏறிய கடைக்காரர், கடற்கரைச் சாலையை அகலப்படுத்தியே தீர வேண்டும் என்று ஆரம்பித்தார். அவர் வாய்தான் அசைந்தது. ஒலிபெருக்கியில் கேட்டதோ ஒரு கட்டுமான நிறுவனத்தின் குரல். அரங்கு சிரித்தது. அவரும் அசடு வழிய இறங்கிப் போனார்.

மூலக்குரல் கருவி வந்ததிலிருந்து ஊருக்கு இது பழகிப்போன வேடிக்கை. நிறுவனங்கள் செலவழித்து எழுதவைக்கும் ஒவ்வொரு வரியும் அரசின் சொற்பதிவகத்தில் சேர்ந்தாக வேண்டும். அந்த வரிகளை அவையில் யார் பேசினாலும், செலவழித்தவரின் குரலில்தான் அவை வெளியே வரும். சொந்த வார்த்தை சொந்தக் குரலில் கேட்கும். வேட்பாளர்களுக்கும் வியாபாரிகளுக்கும் மட்டும் இருந்த இந்தச் சட்டம், அந்த மாதம்தான் சங்கங்களுக்கும் வந்திருந்தது.

மூன்றாவதாக ரோஸ்லின் ஏறினார். துறைமுகத்தில் கிரேன் ஆபரேட்டர். அலுவலக அறையில் உட்கார்ந்தபடியே தொலைவியக்கியால் கப்பல் பெட்டிகளை அடுக்குபவர். அதைவிட, புகைப்போர் உரிமைச் சங்கத்தின் தலைவி என்றால்தான் ஊருக்குத் தெரியும்.

சங்கத்தில் சேர்ந்ததற்கு அவருக்கு நியாயமான காரணம் இருந்தது. துறைமுக வாசலில் மூச்சுமானி வைத்திருந்தார்கள். புகைத்தவர் ஊதினால் சிவப்பு விளக்கு எரியும். அன்றைய வேலை போய்விடும். வாசல் திரையில் முகம் பெரிதாக வரும். முதன்முறை தன் முகத்தை அங்கே பார்த்தபோது, ரோஸ்லின் முந்தானையால் மூடிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பிறகு சங்கம் வந்தது. தனிவாழ்வு அறக்கட்டளை என்று ஒன்று அலுவலகம் பிடித்துக் கொடுத்தது, வக்கீல் வைத்தது, பேச்சுகள் எழுதி அனுப்பியது. பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை. யாரோ நல்ல மனிதர்கள் என்றுதான் ரோஸ்லின் நினைத்திருந்தார். ஜெபத்தில்கூட அவர்களைச் சேர்த்துக்கொண்டார்.

துறைமுகப் பகுதியில், சிகரெட்டுக்குப் பதிலாக எல்லோரும் இழுக்கும் மின்சார ஆவிக்குழலை விற்பதைத் தடைசெய்து, பழக்கத்தை நிறுத்த ஒரு விடுபடல் மையம் திறப்பது என்று அன்று தீர்மானம். இரண்டையும் எதிர்த்துப் பேசத்தான் ரோஸ்லின் வந்திருந்தார். பேச்சை மனப்பாடம் செய்திருந்தார்.

“வயதுவந்த ஒவ்வொருவருக்கும் தன் மூச்சின் மீது உரிமை உண்டு” என்றார்.

அரங்கில் கேட்டது ஒரு கொஞ்சும் பெண்குரல். ‘இளமூச்சு’ ஆவிக்குழல் விளம்பரத்தில், ரயிலிலும் பஸ்ஸிலும் எல்லோரும் தினமும் கேட்கும் அதே குரல்.

ரோஸ்லின் மைக்கைத் தட்டிப் பார்த்தார். கருவி பழுது என்று நினைத்து அடுத்த வரியைச் சொன்னார். அதுவும் அந்தக் குரலிலேயே வந்தது. அறக்கட்டளைக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பது, வேறு யாரும் சொல்லாமலே, அவர் வாய்வழியாகவே ஊருக்குத் தெரிந்துபோனது. பின்வரிசையில் ஒருவன் விளம்பரப் பாட்டைப் பாட ஆரம்பித்தான். சிரிப்பு பரவியது. முன்வரிசையில் இருந்த சங்கத்துக்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ரோஸ்லின் கூண்டின் கதவை நோக்கித் திரும்பினார்.

அப்போது டாக்டர் நூருன்னிசா எழுந்தார். நுரையீரல் மருத்துவர். மூச்சுமானி வைக்கச் சொன்னதும் அவர்தான், இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்ததும் அவர்தான். மருத்துவமனை வாசலில் ரோஸ்லின் அவரைக் கேட்காத கேள்வி இல்லை, ஏசாத ஏச்சு இல்லை. அடுத்துப் பேச வேண்டியவர் அவர். ஒரு வார்த்தை பேசியிருந்தாலே அன்று ஜெயித்திருப்பார்.

“சிரிக்கிறத நிறுத்துங்க” என்றார் டாக்டர். பிறகு அவைத்தலைவரைப் பார்த்து, “என் நேரத்தையும் அவங்களுக்கே குடுத்திருங்க. ரோஸ்லினக்கா, எறங்காதீங்க. எழுதிக் குடுத்தத விடுங்க. ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க.”

ரோஸ்லின் திரும்பவும் மைக் முன் நின்றார். வாயைத் திறந்தால் ‘தனிமனிதத் தேர்வு’ என்று வந்தது, கொஞ்சும் குரலில். ‘சுதந்திரம்’ என்றார். அதுவும் அப்படியே. ஆறு வருஷமாகப் பேசிப் பேசி, தனக்கென்று ஒரு வார்த்தையும் மிச்சமில்லையோ என்று பயம் வந்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டார்.

“எனக்கு இத விடணும்” என்றார்.

அது அவர் குரல். தடித்த, லேசாக இருமல் கலந்த குரல்.

“விட்டுப் பாத்தேன், முடியல. சங்கத்துத் தலைவி விடப்போறான்னு சொன்னா நாலு பேரு சிரிப்பாவன்னு யாருகிட்டயும் சொல்லல. மாடிப்படி ஏற முடியல டாக்டர். ஆனா கேட்டுல நிறுத்தி எங்க மூஞ்சியப் படம் போட்டுக் காட்டுதிய பாருங்க, அதப் பாத்துட்டு வீட்டுக்குப் போனா இன்னும் ரெண்டு இழுக்கத்தான் தோணுது. எங்கள நிக்க வச்சு அசிங்கப்படுத்தாதிய. வைத்தியம் பாருங்க. அவ்வளவுதான்.”

பின்வரிசையில் பாடியவன் எழுந்து வெளியே போனான். அவை பிற்பகலில் தடைக்கும் மையத்துக்கும் ஒப்புதல் தந்தது. கூடவே வாசல் திரையையும் மூச்சுமானியையும் எடுக்கச் சொன்னது. அதற்கு முதல் கையைத் தூக்கியவர் நூருன்னிசா.

மறுநாள் துறைமுக கேன்டீனில் ரோஸ்லின் சங்கத்தாரைக் கூட்டினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். பலருக்குக் கோபம். பொருளாளர் லாசர்தான் எழுந்து கேட்டார்: “அவன் துட்டோ எவன் துட்டோ, நம்மள மனுசனா மதிச்சது இந்தச் சங்கம்தான ரோஸ்லின்? வேற எவன் வந்தான்? இப்ப நீ பேசுதது யாரு பேச்சுன்னு நாங்க எப்படித் தெரிஞ்சுக்கிடுதது? இங்க கருவிகூட இல்ல.”

லாசர் சொன்னதில் பாதி உண்மை என்று ரோஸ்லினுக்குத் தெரியும். தலைகுனிந்து நடந்த காலத்தில் தோளோடு தோள் நின்றவர்கள் இந்த மனிதர்கள்தான். அது எந்தக் கம்பெனியும் எழுதிக்கொடுத்தது இல்லை. அதற்காக இவர்களுக்கு என்றைக்கும் நன்றி சொல்லவேண்டும் என்று தோன்றியது, சொன்னார். பிறகு, “நான் திங்கக்கெழம டாக்டர்ட்ட போறேன். வாறவிய வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

விடுபடல் மையம் அந்தத் திங்கட்கிழமையே அவசரமாகப் பழைய சுங்கக் கட்டிடத்தில் திறந்தது. பெயர்ப்பலகை இன்னும் வந்திருக்கவில்லை. வாசலுக்கு வந்த நூருன்னிசாவைப் பார்த்ததும், வழியெல்லாம் நினைத்து வைத்திருந்தது ரோஸ்லினுக்கு மறந்துபோயிற்று.

“அன்னைக்கு நீங்க எந்திரிக்கலன்னா, நான் அப்படியே எறங்கிப் போயிருப்பேன் டாக்டரம்மா. அப்புறம் எங்கயும் வாயத் தொறந்திருக்க மாட்டேன்.”

டாக்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க சொல்லலன்னா எனக்கும் தெரிஞ்சிருக்காதுக்கா. நான் இத்தன நாளா நுரையீரலத்தான் பாத்துருக்கேன். சரி, உள்ள வாங்க. தனியாவா வந்தீங்க?”

ரோஸ்லின் திரும்பிப் பார்த்தார். சாலைக்கு அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில் லாசர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர், வரலாமா வேண்டாமா என்பதுபோல். லாசர் ஆவிக்குழலை வாயில் வைத்து நீளமாக ஓர் இழுப்பு இழுத்தார். இவர்கள் பார்ப்பதைக் கண்டதும், இதோ வந்துவிட்டேன், இரு என்று கையைக் காட்டினார்.

“அவரு முடிச்சிட்டு வரட்டும்” என்றார் டாக்டர்.

இரண்டு பேரும் வாசலிலேயே நின்றுகொண்டார்கள்.